புதுக் காரின் மூக்கு ஏன் இப்படி இருக்கிறது? ஃபார்முலா 1 விதிமாற்றமும் ரசிகர்களின் கோபமும்

ஃபார்முலா 1 பந்தயத்தில் ஏரோடைனமிக்ஸ் விதிகள், அதாவது கார் காற்றை எப்படிக் கையாளலாம் என்ற விதிகள், மாறும்போதெல்லாம் நடப்பது ஒன்றுதான். புதுக் காரின் படம் வெளியான அன்றே பாதிப்பேர் முகம் சுளிக்கிறார்கள். "போன வருஷத்து கார் எவ்வளவு அழகு, இதைப் போய் இப்படி ஆக்கிவிட்டார்களே" என்ற புலம்பல் எல்லா ஊரிலும் கேட்கிறது. ஐரோப்பியப் பந்தயங்கள் நமக்குப் பெரும்பாலும் ஞாயிறு மாலை ஆறரை மணிக்குத் தொடங்கும். அந்த நேரத்தில் டிவி முன்னால் உட்காரும் புதுச்சேரி, கடலூர் ரசிகர்களும் இதற்கு விலக்கல்ல.

2026 விதிகள் அந்தக் குழப்பத்தை இன்னும் கூட்டியிருக்கின்றன. ஓடும் காரில் முன்னிறக்கையும் பின்னிறக்கையும் ஏன் திறந்து மூடுகின்றன? முன்காரை முந்துவதற்காகப் பின்னிறக்கையைத் திறந்துவிடும், பதினைந்து வருடமாகப் பழகிய டிஆர்எஸ் எங்கே போனது? வேகப்பந்தயத்தில் எதற்காக மின்சாரத்தைச் சேமித்து ஓட்டச் சொல்கிறார்கள்? மூன்று கேள்விக்கும் பதில் காற்றில் இருக்கிறது. அதனால் காற்றிலிருந்தே தொடங்குவோம்.

கூரையைத் தூக்கும் காற்று

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 140 கிலோமீட்டர் வரை போனது. அன்று கூரை இழந்தவர்களுக்கு ஒன்று தெரியும்: கொக்கி போட்டு முறுக்கிய ஷீட்டைக் காற்று கீழே அமுக்கி உடைக்கவில்லை, மேலே பிடுங்கிக்கொண்டு போனது. கடற்கரைக் குப்பங்களில் தகரக் கூரைமேல் மணல் மூட்டையும் பழைய டயரும் ஏற்றி வைப்பது அதனால்தான்.

கூரையின் மேல் பாயும் காற்று வேகமெடுக்கிறது. வேகமெடுத்த காற்றில் அழுத்தம் குறைகிறது. வீட்டுக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம் குறைவதில்லை. அந்த வித்தியாசம்தான் ஷீட்டை மேலே தள்ளுகிறது. விமானத்தின் இறக்கையும் இதே வேலையைத்தான் செய்கிறது.

பந்தயக் காரில் அந்த இறக்கையைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பொருத்துகிறார்கள். மேலே தூக்க வேண்டிய விசை இப்போது காரைத் தரையோடு அமுக்குகிறது. இதற்குப் பெயர் டவுன்ஃபோர்ஸ். டயர் தரையை இறுகப் பிடித்தால் வளைவில் வேகமாகத் திரும்பலாம், அவ்வளவுதான் விஷயம். காரின் அடித்தளமும் இதில் பங்கெடுக்கிறது. தரைக்கும் அடித்தளத்துக்கும் நடுவே உள்ள குறுகிய இடைவெளியில் காற்று நெருக்கிக்கொண்டு ஓடும்போது அங்கேயும் அழுத்தம் குறைந்து, கார் கீழ்நோக்கி உறிஞ்சப்படுகிறது. இது கிரவுண்ட் எஃபெக்ட்.

விசையின் அளவை ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 140-ல் வீசிய தானே நம் ஊரை என்ன பாடுபடுத்தியது என்று பார்த்தோம். நேர்ப்பாதையில் 300 கிலோமீட்டரில் போகும் கார் எதிர்கொள்ளும் காற்றுக்கு, அதே பரப்பில், அதைப்போல நாலரை மடங்கு விசை. ஒரு சென்டிமீட்டர் அகலத் தகட்டுக்காகப் பொறியாளர்கள் மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவதன் காரணம் இந்தப் பெருக்கம்தான்.

ஆனால் இதில் ஒன்று கொடுத்துத்தான் ஒன்று வாங்க முடியும். இறக்கை அமுக்கும்போது காரைப் பின்னுக்கும் இழுக்கிறது. இதை இழுவை என்போம். வளைவில் உதவும் இறக்கை நேர்ப்பாதையில் சுமையாகிவிடும்.

கலங்கிய காற்று

கெடிலமும் உப்பனாறும் கடலில் சேரும் கடலூர் துறைமுக முகத்துவாரத்தில், விசைப்படகு ஒன்று முன்னால் போக, அதன் பின்னாலேயே சின்ன ஃபைபர் படகு வருவதைக் கவனித்தால் மீதிப் பாடம் அங்கேயே கிடைக்கும். முன்படகின் விசிறி கிளப்பிய நுரைத்தண்ணீரில் பின்படகின் சுக்கான் சரியாகப் பிடிப்பதில்லை. திருப்பினால் படகு உடனே கேட்காது. கொஞ்சம் விலகித் தெளிந்த தண்ணீருக்கு வந்ததும் பிடி திரும்பக் கிடைக்கும்.

பந்தயக் காரின் பின்னால் கிளம்பும் காற்றும் அப்படிக் கலங்கியதுதான். டர்ட்டி ஏர் என்று வர்ணனையாளர்கள் சொல்வது இதைத்தான். பின்னால் வரும் கார் அதற்குள் நுழைந்தால் அதன் இறக்கைகள் பாதி செயலிழக்கும். வளைவில் பிடி குறையும், டயர் வழுக்கிச் சூடேறும், ஓட்டுநர் தூரம் விட்டுப் பின்தங்குவார். நேர்ப்பாதையில் மட்டும் கதை வேறு. புதுச்சேரியிலிருந்து முள்ளோடை வழியாகக் கடலூர் போகும் சாலையில் பஸ்ஸுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு பைக் ஓட்டியவர்களுக்கு எதிர்க்காற்று குறைவது தெரிந்திருக்கும் (ஆபத்தான பழக்கம், வேண்டாம்). அந்த லாபம் காருக்கும் உண்டு. ஆனால் அதற்கு முந்தைய வளைவிலேயே தூரம் விழுந்துவிட்டால் அந்த லாபத்தை எட்டிப் பிடிக்க முடியாது.

2021 கார் 20 மீட்டர் பின்னால் வரும்போது தன் டவுன்ஃபோர்ஸில் 35 விழுக்காட்டையும், 10 மீட்டரில் 46 விழுக்காட்டையும் இழந்தது என்று ஃபார்முலா 1 நிர்வாகமே கணக்கு வெளியிட்டது. 2022 விதிகளின் இலக்கு அந்த இழப்பை முறையே 4 ஆகவும் 18 ஆகவும் குறைப்பது. அந்த வருடம் கார்கள் உண்மையிலேயே நெருங்கி ஓடின. பிறகு அணிகள் ஒவ்வொன்றும் விதியின் சந்துபொந்துகளில் புகுந்து, காற்றை வெளிப்பக்கம் தள்ளும் தகடுகளைக் கண்டுபிடித்ததும் கலக்கம் திரும்பி வந்துவிட்டது. 2024, 2025-ல் ஓட்டுநர்களே அதை வாய்விட்டுச் சொன்னார்கள்.

ஏரோடைனமிக்ஸ் விதிகள் அடிக்கடி மாறுவதற்குப் பெரிய காரணம் இந்தக் கலங்கிய காற்றுதான். விதி எழுதுபவர்கள் பின்னால் வரும் காரை நினைத்து எழுதுகிறார்கள். அணிகள் தன் காரை மட்டும் நினைத்துக் கட்டுகின்றன.

விதியின் எழுத்து உருவமாகும் இடம்

வீடு கட்டியவர்களுக்கு இந்தப் பகுதி சட்டென்று புரியும். மனையின் எல்லையிலிருந்து இத்தனை அடி விட வேண்டும் என்று விதி இருக்கும். தரைத்தளத்தில் விட்டுவிட்டு, மாடியில் சன்ஷேடையும் பால்கனியையும் நீட்டிக்கொள்வோம். தெருவிலிருந்து பார்த்தால் வீடு விசித்திரமாகத் தெரியும். ஆனால் விதியை மீறவில்லை.

பந்தயக் காரும் இப்படித்தான் விசித்திரமாகிறது. எஃப்ஐஏ என்ற சர்வதேசக் கூட்டமைப்பு "அழகாகச் செய்" என்று விதி எழுதுவதில்லை. "இந்த இடத்தில் இவ்வளவு மில்லிமீட்டருக்கு மேல் போகாதே" என்றுதான் எழுதுகிறது. மீதி இடமெல்லாம் பொறியாளருடையது. இதற்கு இரண்டு மூக்குகளை உதாரணமாகச் சொல்லலாம்.

2012-ல் மூக்கின் உயரம் 550 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று விதி வந்தது. உயரமான மூக்கு பக்கவாட்டில் மோதினால் அடுத்த ஓட்டுநரின் தலைக்கு நேராக வரும் என்பது காரணம். நல்ல காரணம். ஆனால் மூக்குக்குப் பின்னால் உள்ள உடற்கூடு 625 மில்லிமீட்டர் வரை இருக்கலாம் என்று விட்டிருந்தார்கள். மூக்குக்கு அடியில் எவ்வளவு காற்று போகிறதோ அவ்வளவு நல்லது என்பது பொறியாளரின் கணக்கு. அதனால் கூட்டை 625-லேயே வைத்து, மூக்கை மட்டும் 550-க்கு இறக்கினார்கள். நடுவில் ஒரு படிக்கட்டு உருவானது. மெக்லாரனும் மருசியாவும் தவிர மற்ற எல்லா அணிக்கும் அந்தப் படிக்கட்டு மூக்குதான், நம் நரேன் கார்த்திகேயன் ஓட்டிய எச்ஆர்டி உட்பட. வாத்துமூக்கு என்று உலகமே கேலி செய்தது. அடுத்த வருடம் ஒரு மெல்லிய தகட்டால் அந்தப் படியை மூடிக்கொள்ள அனுமதித்தார்கள்.

2014-ல் மூக்கின் முனையை இன்னும் கீழே, 185 மில்லிமீட்டருக்கு இறக்கச் சொன்னது விதி. பொறியாளருக்கோ இன்னமும் அடியில் காற்று வேண்டும். என்ன செய்தார்கள்? மூக்கை உயரத்திலேயே நிறுத்தி, விதி கேட்ட அளவுக்கு மட்டும் ஒரு விரலைக் கீழே நீட்டிவிட்டார்கள். எறும்புத்தின்னி என்பதில் தொடங்கி, எழுதக் கூசும் ஒப்பீடுகள் வரை அதற்குக் கிடைத்தன. லோட்டஸ் அணியின் இ22 இன்னும் ஒரு படி மேலே போய், மூக்கை இரண்டு தந்தங்களாகப் பிளந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் ஒரு தந்தம் நீளம், மற்றது குட்டை. மூக்கு முனையிலிருந்து 50 மில்லிமீட்டர் பின்னால் வெட்டிப் பார்த்தால் ஒரே ஒரு குறுக்குவெட்டு இருக்க வேண்டும் என்றது விதி. குட்டைத் தந்தம் அந்தக் கோட்டுக்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஆக, விதியின் கண்ணுக்கு மூக்கு ஒன்றே.

அந்த ஒரு காரை முழுதாகப் புரிந்துகொண்டால் போதும், மற்ற எல்லாமே புரிந்துவிடும். காரில் எந்த இடம் கண்ணை உறுத்துகிறதோ, அங்கேதான் விதி எழுதியவரின் எண்ணமும் பொறியாளரின் தேவையும் முட்டிக்கொண்டிருக்கின்றன. ரசிகரின் கண் தப்பாகப் பார்ப்பதில்லை. சரியான இடத்தில்தான் நிற்கிறது. அதை "அசிங்கம்" என்று சொல்லி நகர்ந்துவிடுவதில்தான் நஷ்டம்.

எந்தக் கோபம் தணிகிறது, எது தணிவதில்லை

இதுவரை வந்த எதிர்ப்புகளைப் பிரித்துப் பார்த்தால் எல்லாம் ஒரே இனமல்ல என்பது தெரியும்.

1. உருவத்தின் மேல் வரும் கோபம். 2009-ல் முன்னிறக்கை 1400-லிருந்து 1800 மில்லிமீட்டராக அகன்றது. பின்னிறக்கை 1000-லிருந்து 750 ஆகக் குறுகி, உயரே போனது. முன்னால் முறத்தைக் கட்டி, பின்னால் முக்காலியை வைத்தது போல இருந்தது என்பது உண்மை. ஆனால் ஜென்சன் பட்டன் பிரான் அணியின் காரில் முதல் ஏழு பந்தயங்களில் ஆறை வென்றபோது பேச்சே மாறிவிட்டது. எல்லோரும் அந்தக் காரின் இரட்டை டிஃப்யூசரைப் பற்றி (காரின் அடியில் ஓடும் காற்றைப் பின்னால் வெளியேற்றும் பகுதி அது) வாதாடிக்கொண்டிருந்தார்கள். இந்த வகைக் கோபம் சில பந்தயங்களுக்கு மேல் தாங்குவதில்லை.

2. பாதுகாப்புக்காக வந்த மாற்றத்தின் மேல் கோபம். 2018-ல் ஓட்டுநரின் தலையைச் சுற்றி ஹாலோ என்ற டைட்டானியம் வளையம் வந்தது. செருப்பு வார் என்று இழித்தார்கள். பந்தயத்தின் ஆன்மாவே போய்விட்டது என்றார்கள். அதே வருடம் பெல்ஜியத்தில் அலோன்சோவின் கார் பறந்து வந்து சார்ல் லெக்லேரின் ஹாலோவில் தேய்த்துக்கொண்டு போனது. 2020-ல் பஹ்ரைனில் ரொமாங் குரோஷானின் கார் தடுப்பைக் கிழித்து இரண்டாகப் பிளந்து எரிந்தது. தலைக்கு மேல் வந்த இரும்பைத் தடுத்தது அந்த வளையம்தான். முன்பு ஹாலோ வேண்டாம் என்றவர் குரோஷான். மருத்துவமனையிலிருந்தே அவர் தன் கருத்தை மாற்றிக்கொண்டார். 2022-ல் சில்வர்ஸ்டோனில் கவிழ்ந்த காரிலிருந்து ஜோ குவான்யு உயிரோடு வந்தார். 2024-ல் சென்னை தீவுத்திடலைச் சுற்றி நடந்த ஃபார்முலா 4 கார்களிலும் ஹாலோ இருந்தது. யாரும் அதை ஒரு குறையாகப் பேசவே இல்லை. இந்த எதிர்ப்பு முழுக்கத் தவறு. இதில் இரண்டு பக்க நியாயம் என்று எதுவும் இல்லை.

3. அனுபவத்தைப் பறித்ததன் மேல் கோபம். 2014-ல் நிமிடத்துக்கு 18,000 சுற்றில் அலறிய வி8 இன்ஜின் போய், 1.6 லிட்டர் வி6 டர்போ ஹைப்ரிட் வந்தது. சத்தம் சுருங்கியது. இது ஏரோடைனமிக்ஸ் அல்லதான், ஆனாலும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தக் குறை தணியவே இல்லை. மெர்சிடிஸ் எக்காளம் போன்ற புகைக்குழாயைப் பொருத்திப் பார்த்தது. 2016-ல் தனிக்குழாய் வைத்துச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார்கள். பத்து வருடம் கழித்தும் அந்த ஏக்கம் போகவில்லை.

4. ஓட்டமே கெட்டதன் மேல் கோபம். 2022-ல் கிரவுண்ட் எஃபெக்ட் திரும்பியதும் கார்கள் நேர்ப்பாதையில் குதித்தன. அடித்தளம் தரையை நெருங்க நெருங்க உறிஞ்சல் கூடும். ஒரு கட்டத்தில் காற்றோட்டம் அடைபட்டு உறிஞ்சல் சட்டென்று அறுந்துவிடும், கார் எழும்பும். எழும்பியதும் காற்று மறுபடி ஓடும், மறுபடி உறிஞ்சும். இதற்கு ஆங்கிலத்தில் வைத்த பெயர் போர்ப்பசிங். ஓங்கிலின் உறவான போர்ப்பஸ் என்ற கடல் உயிரியிலிருந்து வந்தது அது. நம் மீனவர்கள் கடலில் பார்க்கும் ஓங்கில் தண்ணீரில் எழுந்து எழுந்து முங்குவது போன்ற ஆட்டம். பாகூ பந்தயம் முடிந்து லூயிஸ் ஹாமில்டன் முதுகைப் பிடித்துக்கொண்டு காரைவிட்டு இறங்கியதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். இங்கே கோபம் பலன் தந்தது. அடித்தளத்தின் ஓரங்களை 2023-ல் 15 மில்லிமீட்டர் உயர்த்த வைத்தார்கள்.

முதல் இரண்டும் கண்ணுக்குப் பழகப் பழகக் கரைபவை. பின்னிரண்டும் விதி மாறினால் ஒழியத் தணியாதவை.

2026: இன்ஜின் விதி இறக்கையைத் தீர்மானித்த கதை

இந்த வருடக் கார்களைப் புரிந்துகொள்ள இறக்கையில் தொடங்கினால் வழி தவறிவிடும். பேட்டரியிலிருந்து வர வேண்டும்.

1. புகைவெப்பத்திலிருந்து மின்சாரம் எடுத்த எம்ஜியு-எச் என்ற விலையுயர்ந்த கருவியை நீக்கிவிட்டார்கள். புது நிறுவனங்கள் உள்ளே வர அது தடையாக இருந்தது. ஆடி என்ற ஜெர்மன் கார் நிறுவனம் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அதற்கு ஈடாக, இன்ஜினோடு சேர்ந்து பின்சக்கரங்களைச் சுழற்றும் மின்மோட்டாரின் திறன் 120 கிலோவாட்டிலிருந்து 350 ஆக ஏறியது. மொத்த சக்தியில் ஏறக்குறைய பாதி இப்போது மின்சாரம்.

2. 350 கிலோவாட்டை முழுதாக இழுத்தால் பேட்டரி சில நொடிகளில் வற்றிவிடும். நீண்ட நேர்ப்பாதையின் முடிவுக்கு முன்னாலேயே கார் மூச்சு வாங்கும்.

3. அப்படியானால் நேர்ப்பாதையில் இழுவையைக் குறைத்தே ஆக வேண்டும். அதற்குத்தான் திறந்து மூடும் இறக்கைகள். நேர்ப்பாதையில் தட்டையாகப் படுத்துக்கொள்ளும், வளைவுக்கு முன் எழுந்து நிற்கும். பின்னிறக்கையை மட்டும் திறந்தால் முன்பக்கம் அமுங்கி, பின்பக்கம் லேசாகிக் காரின் சமநிலை போய்விடும். அதனால் இரண்டும் சேர்ந்தே அசைகின்றன.

4. குறித்த நேர்ப்பாதைகளில் எல்லா ஓட்டுநரும் இறக்கையைத் திறக்கலாம். பழைய டிஆர்எஸ்ஸோ முன்காருக்கு ஒரு நொடிக்குள் இருப்பவருக்கு மட்டும் கிடைத்த சலுகை. எல்லோருக்கும் கிடைப்பது சலுகையாகாது. அதனால் முந்துவதற்கான உதவியை மின்சாரத்துக்கு மாற்றிவிட்டார்கள்: ஒரு நொடிக்குள் துரத்தி வருபவர் கூடுதல் மின்சக்தியைச் செலவழிக்கலாம்.

5. பேட்டரிக்குச் சக்தி எங்கிருந்து வரும்? பிரேக் போடும்போது. அது போதாத சர்க்யூட்டுகளில் ஆக்சிலரேட்டரை முன்கூட்டியே விட்டும், முழு ஆக்சிலரேட்டரில் இருக்கும்போதே மோட்டாரை ஜெனரேட்டராகத் திருப்பியும் சேர்க்க வேண்டும். நேர்ப்பாதையின் கடைசியில் வேகம் ஏறாமல் நிற்பது போலத் தெரிவது இதனால்தான். ஓட்டுநர் பயந்துவிடவில்லை.

அளவு மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அகலம் 2000-லிருந்து 1900 மில்லிமீட்டர், முன்பின் சக்கரங்களுக்கிடையே தூரம் உச்சமாக 3600-லிருந்து 3400, குறைந்தபட்ச எடை 800-லிருந்து 768 கிலோ. 2008-ல் அந்த எடை 605 கிலோவாக இருந்தது என்பதையும் சேர்த்துப் படித்தால், கார்கள் எவ்வளவு ஊதிப்போயிருந்தன என்று தெரியும். அடித்தளத்தில் காற்றை நெருக்கி உறிஞ்சல் தந்த சுரங்கங்கள் போய், தளம் பெரும்பாலும் தட்டையாகிவிட்டது. தரையோடு ஒட்டி ஓட வேண்டிய கட்டாயம் குறைவதால் குதிப்பும் குறையும். பக்கவாட்டில் வைத்த புதுத் தகடுகள் முன்சக்கரம் கலக்கும் காற்றை உள்பக்கம் இழுக்கின்றன. பின்னால் வரும் காருக்காக வைத்தவை அவை.

சரி, இந்த முறை எழும் குரல்கள் எந்த வகை? கார் சின்னதானதைப் பலரும் வரவேற்கிறார்கள், அது நியாயமான மகிழ்ச்சி. அசையும் இறக்கை விளையாட்டுச் சாமான் போல இருக்கிறது என்ற புகார் முதல் வகை. அது கரைந்துவிடும். ஆனால் மின்சாரத்தை எண்ணி எண்ணி ஓட்ட வேண்டியிருக்கிறது என்ற புகார் மூன்றாம், நான்காம் வகை. வேகமான வளைவில் உயிரைக் கையில் பிடித்து ஓட்டும் துணிச்சலைப் பார்க்கத்தான் ரசிகர் உட்காருகிறார். அந்த வளைவே பேட்டரி நிரப்பும் இடமாக மாறினால், அவர் கேட்டு வந்தது கிடைக்கவில்லை என்றுதான் பொருள். அதைப் பழமைவாதம் என்று ஒதுக்குவது சரியல்ல. 2022-ல் வந்த குதிப்பைச் சரிசெய்தது போல, மின்சாரத்தைச் செலவிடும் வரம்புகளையும் விதியால் திருத்த முடியும்.

டிவியில் எங்கே பார்ப்பது

இத்தாலியின் மான்சா போன்ற நீண்ட நேர்ப்பாதை உள்ள சர்க்யூட்டில், ஓட்டுநரின் தலைக்கு மேலுள்ள கேமரா காட்சி வரும்போது வேகமானியை மட்டும் பாருங்கள். எண் ஏறிக்கொண்டே போய், பிரேக்குக்கு வெகு முன்பே ஓரிடத்தில் நின்று மெல்ல இறங்கத் தொடங்கும். மின்சாரம் குறைந்தது அங்கே. அடுத்து முன்னிறக்கை எழுந்து நிற்கும் நொடியைக் கவனியுங்கள், உடனே பிரேக். பிறகு, வளைவில் பின்னால் வரும் கார் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். முன்காரின் நேர்பின்னால் ஒட்டியே திரும்பினால் காற்று தெளிவாக இருக்கிறது. கால்பங்கு அகலம் விலகி, வேறு தடத்தில் திரும்பினால், அந்த ஓட்டுநர் முகத்துவாரத்து ஃபைபர் படகுக்காரர் செய்வதைத்தான் செய்கிறார்: கலங்காத இடம் தேடுகிறார்.